கொப்புளத்துக்கு அடியில் ஒரு மரபணு

பெரியோர்களே, செவிலியர் சகோதரிகளே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

தோல் நோய் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது ஒரு மாலைப் பொழுதில் அடங்காது. அதனால் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈ.பி. என்போம். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றினால், துணி உரசிய இடமெல்லாம் கொப்புளம். தவழத் தொடங்கினால் முழங்காலில் கொப்புளம். சில வகைகளில் வாய்க்குள்ளும் உணவுக்குழாயிலும் புண். அரிதான நோய்தான். ஆனாலும், ஒரு மரபணுவைச் சரிசெய்து தோலைக் குணப்படுத்த முடியும் என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது இந்தக் குழந்தைகளிடம்தான்.

நம் தோலில் மேல்தோல், உள்தோல் என இரண்டு அடுக்குகள். மேல்தோலின் அடிவரிசை செல்களுக்குள் கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற இழைகள் இருந்து உறுதி தருகின்றன. அதற்குக் கீழே லாமினின் 332 என்ற புரதம். அதற்கும் கீழே, மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்துத் தைத்த நூல்போல ஏழாம் வகைக் கொலாஜன். இவற்றைச் செய்வதற்கான குறிப்பு மரபணுக்களில் இருக்கிறது. அந்தக் குறிப்பில் பிழை நேர்ந்து இவற்றில் எது பழுதோ, அந்த மட்டத்தில் தோல் பிரிந்து நீர் கோத்துக்கொள்கிறது. கெரட்டின் என்றால் சிம்ப்ளெக்ஸ் வகை, லாமினின் என்றால் ஜங்ஷனல், கொலாஜன் என்றால் டிஸ்ட்ரோபிக்.

பிறந்த வாரத்தில் இவை எல்லாமே வெறும் கொப்புளமாகத்தான் தெரியும். அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணும் அப்போது ஏமாறும். ஆனால் குழந்தைகளின் எதிர்காலம் ஒன்றல்ல. சிம்ப்ளெக்ஸ் வகையில் பலர் பாதத்தில் கொப்புளங்களோடு பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய், முழு ஆயுளும் வாழ்கிறார்கள். கடுமையான ஜங்ஷனல் வகைக் குழந்தைகளில் பலர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. கடுமையான டிஸ்ட்ரோபிக் வகையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உணவுக்குழாய் சுருங்கும், இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வந்து உயிரைப் பறிக்கும். எனவே எந்த மரபணு என்று தெரியாமல் பெற்றோருக்கு நாம் சொல்லும் எந்த வார்த்தையும், நம்பிக்கையானாலும் கைவிரிப்பானாலும், குருட்டு வார்த்தைதான்.

முதல் வாசல் 1991-இல் திறந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எலெய்ன் ஃபுக்ஸ் குழுவினர் பழுதான கெரட்டின் 14 மரபணுவை எலிகளுக்குள் வைத்தார்கள். எலிகளின் தோலில் கொப்புளங்கள் வந்தன. மனிதர்களில் இதேபோல் இருக்கும் நோய் எது என்று தேடியபோது ஈ.பி. சிம்ப்ளெக்ஸ் கிடைத்தது. நோயாளிகளைச் சோதித்தால் அதே மரபணுவில் பிழை. வழக்கமாக நோயில் தொடங்கி மரபணுவைத் தேடிப் போவார்கள். இவர்கள் மரபணுவில் தொடங்கி நோயை வந்தடைந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கொலாஜன், லாமினின் மரபணுக்களும் பிடிபட்டன.

காரணம் தெரிந்துவிட்டது, சிகிச்சை? அதற்கான விதை 1975-லேயே ஊன்றப்பட்டிருந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதத் தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பெருக்கும் வழியைக் கண்டார்கள். 1983-இல் உடல் முழுக்க வெந்துபோன இரண்டு சிறுவர்களை அந்த முறையில் வளர்த்த தோலைக் கொண்டு காப்பாற்றினார்கள். கிரீனிடம் பயின்ற இத்தாலியர் மிக்கேலே டி லூக்கா, தட்டில் செல் வளரும்போதே சரியான மரபணுவையும் உள்ளே சேர்த்துவிடலாமே என்று முனைந்தார். அப்படி வளர்த்த தோலை ஜங்ஷனல் ஈ.பி. உள்ள ஒருவரின் கால்களில் ஒட்டி, அது நிலைத்துவிட்டது என்று 2006-இல் அறிவித்தார்.

அதற்கடுத்து நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2015 ஜூன். ஜெர்மனியில் போகும் (Bochum) என்ற நகரின் தீக்காயப் பிரிவுக்கு ஏழு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். சிரியாவிலிருந்து வந்த குடும்பம். ஜங்ஷனல் ஈ.பி.; லாமினினுக்கான லாம்பி3 என்ற மரபணுவில் பிழை. கிருமித் தொற்று ஏறி உடலில் ஏறத்தாழ 60 விழுக்காடு தோல் போயிருந்தது. அப்பாவின் தோலை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள், உடல் ஏற்கவில்லை. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி என்ற நிலை. வேறு ஏதாவது செய்யுங்கள் என்று பெற்றோர் விடாமல் கேட்டார்கள். மருத்துவர்கள் இத்தாலியின் மொடெனா நகரில் இருந்த டி லூக்காவோடு தொடர்புகொண்டார்கள்.

பையன் உடலில் கொப்புளம் வராத ஒரு துளி இடம், இடுப்புக் கவட்டையில், மிச்சம் இருந்தது. அங்கிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோல், ஒரு தபால்தலை அளவு, எடுத்தார்கள். மொடெனாவில் அந்தச் செல்களுக்குள் ஒரு வைரஸ் வழியாகச் சரியான லாம்பி3 மரபணுவைச் செலுத்தி, ஏறத்தாழ 0.85 சதுர மீட்டர் தோலாக வளர்த்தார்கள். அக்டோபரில் ஒரு அறுவை, நவம்பரில் ஒன்று, 2016 ஜனவரியில் மிச்சம். மொத்தத்தில் உடலின் 80 விழுக்காடு புதுத் தோல். பிப்ரவரியில் வீடு திரும்பினான். பள்ளிக்கூடம் போனான், பந்து விளையாடினான். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தோல் உறுதியாகவே இருந்தது.

2017-இல் வெளியான அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வைரஸ் ஒவ்வொரு செல்லிலும் வெவ்வேறு இடத்தில் மரபணுவைச் செருகும். அந்த இடமே செல்லின் அடையாளம். அதை வைத்துப் பின்தொடர்ந்தால், ஒட்டிய செல்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் மறைந்துவிட, நீண்டகாலம் வாழும் கொஞ்சம் ஸ்டெம் செல்களே மொத்தத் தோலையும் மறுபடி மறுபடி உருவாக்குவது தெரிந்தது. இனித் தோல் வளர்ப்பவர்கள் எந்தச் செல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்தப் பையனின் உடல் சொல்லிக்கொடுத்தது.

டிஸ்ட்ரோபிக் வகைக்கு அறுவையே இல்லாத ஒரு வழி வந்திருக்கிறது. பெருகும் திறன் நீக்கப்பட்ட ஹெர்பிஸ் வைரஸுக்குள் கொலாஜன் மரபணுவை ஏற்றி, களிம்பாக்கி, வாரம் ஒருமுறை புண்மீது சொட்டுகளாக விடுகிறார்கள். 31 பேரிடம் சோதித்தார்கள். ஒரே உடலில் ஒரு புண்ணுக்கு மருந்து, இன்னொரு புண்ணுக்கு மருந்தில்லாத களிம்பு. ஆறு மாதத்தில் மருந்திட்ட புண்களில் 67 விழுக்காடு முழுதாக ஆறியது, மற்றதில் 22. அமெரிக்கா 2023 மே மாதம் அனுமதி கொடுத்தது. ஆனால் இந்த மருந்தை அந்தச் சிரியப் பையனுக்குப் போட்டிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது. அவன் குறை லாமினினில். இது தருவது கொலாஜன். விலையோ, நம்மில் யாரும் நினைத்துப் பார்க்க முடியாதது. அது குறைய அரசுகள் பேச வேண்டும், நாமும் குரல் கொடுக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? செவிலியர் சகோதரிகளே, இது உங்களுக்கு. இந்தக் குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தோல் கையோடு வந்துவிடும். ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் பின்னால், ஒரு கை புட்டத்துக்கு அடியில், மெத்தையான துணியோடு சேர்த்துத் தூக்குங்கள். ஒட்டும் பிளாஸ்டர் கூடவே கூடாது. கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடியவிடுங்கள், மேல்தோலை உரிக்காதீர்கள். சட்டையைத் தையல் வெளியே இருக்கும்படி மாற்றிப் போடுங்கள். புண்ணில் ஒட்டாத சிலிக்கோன் கட்டுத்துணி வாங்க முடியாத வீடுகளில் வாசலின் தடவிய துணி போதும். நம் ஊர் தோல் பிரிவுகளில் தோலுரிந்த நோயாளியை வாழையிலையில் படுக்க வைக்கிறோமே, காரணமில்லாமல் வந்த பழக்கமா அது? இலை புண்ணில் ஒட்டுவதில்லை.

பெற்றோருக்கு ஒன்று. கிரகணத்தில் வெளியே வந்தாள், அதனால்தான் பிள்ளை இப்படி என்று தாயைக் குற்றம் சாட்டும் பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது. ஈ.பி.யில் ஒடுங்கு வகை என்று உண்டு; மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் அதில் நோய் வரும். அந்தப் பழுது அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, சரிசமமாக வருகிறது. இருவருக்கும் நோய் இருக்காது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால், அவனுடைய அப்பா அம்மாதான் அவளுடைய தாத்தா பாட்டி; அவர்களிடமிருந்து வந்த அதே பிழையை இருவரும் சுமந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருவருமே பிழையைச் சுமக்கும் தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதே, இனி வராது என்று கணக்குப் போடாதீர்கள்.

குழந்தையின் இரத்தத்தோடு உங்கள் இருவரின் இரத்தத்தையும் மரபணுச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். கருவைச் சோதிக்க வேண்டிய காலம் 11-ஆம் வாரம் தொடங்கி வெகு சில வாரங்கள்தான். அதற்குள் வீட்டில் உள்ள பிழை எது என்று கையில் இருக்க வேண்டும். அதனால் அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கும்போதே வந்துவிடுங்கள், நாள் தள்ளிப்போன பிறகு வராதீர்கள்.