பொது விடுமுறையும் ஊதிய விடுப்பும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்டு முழுவதும் உழைத்து ஈட்டிய ஊதிய விடுப்பை, நாள்காட்டியில் உள்ள பொது விடுமுறைகளோடு எவ்வாறு பொருத்தி எடுப்பது என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பணியாளர் பிரிவில் விடுப்பு விண்ணப்பங்களைக் கையாளும் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஆண்டில் ஒரு முறையாவது முழு ஓய்வு என்று சொல்லத்தக்க நீண்ட இடைவெளியை அமைத்துக்கொள்வதற்குத்தான் பொது விடுமுறைகள் முதலில் பயன்பட வேண்டும். ஒற்றை நாள் விடுப்பில் நான்கு நாள் கிடைக்கிறது என்ற மகிழ்ச்சி அதற்கு அடுத்த இடத்தில்தான் வர வேண்டும். விடுப்பை ஒன்றும் இரண்டுமாகக் கரைத்துவிட்டு, ஆண்டு முடிவில் ஓய்வெடுத்த உணர்வே இல்லாமல் களைத்து நிற்கும் பலரைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சனியும் ஞாயிறும் வார ஓய்வாக உள்ள அலுவலகத்தில், பொது விடுமுறை வியாழனன்று வந்தால் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் விடுப்புக் கேட்டு நான்கு நாள் தொடர்ச்சியாக ஓய்வெடுக்கலாம். செவ்வாயன்று வந்தால் திங்கட்கிழமைக்கு விடுப்பெடுத்தால் அதே நான்கு நாள் கிடைக்கும். புதனன்று வந்தால் இரண்டு நாள் விடுப்பு வேண்டும். கிடைப்பது ஐந்து நாள். திங்களிலோ வெள்ளியிலோ வந்தால் விடுப்பே எடுக்காமல் மூன்று நாள் அமைந்துவிடுகிறது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை. ஆனால் இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் ஓர் உண்மையைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வார நாளில் வரும் பொது விடுமுறை ஒன்று நமக்கு மிச்சப்படுத்தித் தருவது எப்போதும் ஒரே ஒரு விடுப்பு நாளைத்தான். ஒரு நாள் விடுப்புக்கு நான்கு நாள் ஓய்வு என்று நாம் மகிழும்போது, அந்த நான்கில் இரண்டு, எப்படியும் நமக்கு உரியனவாக இருந்த சனியும் ஞாயிறுமே. சாதாரண வாரமொன்றில் ஐந்து நாள் விடுப்பெடுத்தால் முன்னும் பின்னும் உள்ள வார ஓய்வோடு ஒன்பது நாள் கிடைக்கும். பொது விடுமுறை உள்ள வாரத்தில் அதே ஒன்பது நாள் நான்கு நாள் விடுப்பிலேயே கிடைத்துவிடும். அந்த விடுமுறை எந்தக் கிழமையில் வந்தாலும் இந்த மிச்சம் மாறுவதில்லை.

இதை மனத்தில் கொண்டால், திட்டமிடும் முறையே வேறாகிவிடும். புதன்கிழமை விடுமுறையைப் பார்த்துப் பலர் சலித்துக்கொள்கிறார்கள். நீண்ட ஓய்வை நாடுபவருக்கோ அதுவே நல்ல வாய்ப்பு. வியாழன் விடுமுறையை ஒட்டிய வெள்ளிக்கிழமைக்கு அலுவலகத்தில் பாதிப் பேர் விண்ணப்பிப்பார்கள், பேருந்திலும் தொடர்வண்டியிலும் இடம் கிடைக்காது, விடுதிக் கட்டணமும் ஏறியிருக்கும். வாரத்தின் நடுவில் விடுமுறை வரும்போது அத்தனை போட்டி இருப்பதில்லை. முழு வாரத்தையும் எடுத்துக்கொள்ளத் துணிபவருக்கு அனுமதியும் எளிதாகக் கிடைக்கும், பயணமும் நெருக்கடியில்லாமல் அமையும்.

இரண்டு விடுமுறைகள் அருகருகே வரும் காலங்கள் இன்னும் வளமானவை. டிசம்பர் 25-உம் ஜனவரி 1-உம் எப்போதும் ஒரே கிழமையில்தான் வரும், ஏனெனில் அவற்றுக்கிடையே சரியாக ஏழு நாள் இடைவெளி உள்ளது. இரண்டும் விடுமுறையாக உள்ள இடங்களில், அவை வார நாள்களில் விழும் ஆண்டு எதுவானாலும், அந்த இரு வாரங்களிலும் எட்டு நாள் விடுப்பில் பதினாறு நாள் ஓய்வு கிடைக்கும். வெள்ளியன்று விழுந்தால் இடையில் உள்ள நான்கு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நாள் ஓய்ந்திருக்கலாம். பெரிய வெள்ளியும் அதை அடுத்துவரும் ஈஸ்டர் திங்களும் விடுமுறையாக உள்ள நாடுகளில் கிழமை மாறும் கவலையே இல்லை. அங்கே ஒவ்வோர் ஆண்டும் நான்கு நாள் விடுப்பில் பத்து நாள் ஓய்வு உறுதி.

ஞாயிறு மட்டுமே வார ஓய்வாக உள்ள நேயர்கள், இக்கணக்கு தங்களுக்கு உரியதில்லை என்று எண்ண வேண்டாம். சனிக்கிழமையோ திங்கட்கிழமையோ வரும் விடுமுறை உங்களுக்கு விடுப்பின்றியே இரண்டு நாளைத் தரும். செவ்வாய் விடுமுறைக்கு முந்தைய திங்களையோ, வெள்ளி விடுமுறைக்கு அடுத்த சனியையோ எடுத்தால் மூன்று நாள் கிடைக்கும். பொது விடுமுறை உள்ள ஒரு வாரத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்டால், ஐந்து நாள் விடுப்பில் ஞாயிறு முதல் ஞாயிறு வரை எட்டு நாள்.

இனி, எவ்வளவு முன்னதாகத் திட்டமிட முடியும் என்பதைப் பார்ப்போம். தேதி மாறாத விடுமுறைகளுக்கு அடுத்த ஆண்டின் கிழமையை அறிய நாள்காட்டி கூட வேண்டியதில்லை. சாதாரண ஆண்டில் 52 வாரமும் ஒரு நாளும் இருப்பதால் அத்தேதி மறு ஆண்டு ஒரு கிழமை தள்ளிப்போகும்; இடையில் பிப்ரவரி 29 குறுக்கிட்டால் இரண்டு கிழமை தள்ளும். பிறை பார்த்து முடிவாகும் விடுமுறைகள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னதாக வருவதோடு, கடைசி நேரத்தில் ஒரு நாள் முன்பின்னாக மாறவும் கூடும். ஆகவே அவற்றை ஒட்டிப் பயணம் வகுப்பவர்கள், கட்டிய பணம் திரும்பக் கிடைக்காத வகையில் பயணச்சீட்டு எடுக்காமல் இருப்பது நல்லது. சில நாடுகளில் இப்பொருத்தத்தைச் சட்டமே செய்து வைக்கிறது. அமெரிக்காவில் 1968-இல் இயற்றப்பட்டு 1971-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சில கூட்டாட்சி விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நிலையாக மாற்றியது. ஜப்பானில் 1985-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டு தேசிய விடுமுறைகளுக்கு இடையில் அகப்பட்ட ஒற்றை வேலை நாளும் விடுமுறையாகிவிடுகிறது. சீனாவிலோ விடுமுறையை நீட்டித் தரும் அரசு, அதற்கு ஈடாக அருகிலுள்ள சனியையோ ஞாயிறையோ வேலை நாளாக அறிவிக்கிறது. நீண்ட ஓய்வுக்கு முன்னும் பின்னும் வாரம் முழுக்க உழைக்க நேர்வதால், ஓய்வின் பயனில் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஊதிய விடுப்பு என்னும் இந்த உரிமை எவ்வாறு வந்தது என்பதையும் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் விடுப்புக் கேட்கும்போது சலுகை கேட்பதுபோலக் கூச்சப்படுபவர்கள் இன்றும் நம்மிடையே பலர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1936-இல் ஏற்ற உடன்படிக்கை, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்குக் குறைந்தது ஆறு வேலை நாள்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை வலியுறுத்தியது. அதே ஆண்டில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பின் பிரான்சு நாட்டுத் தொழிலாளர்கள் இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாகப் பெற்றார்கள். 1948-இல் வெளியான உலகளாவிய மனித உரிமைச் சாற்றுரையின் 24-ஆம் பிரிவு, ஊதியத்துடன் கூடிய காலமுறை விடுமுறையை ஒவ்வொரு மனிதரின் உரிமைகளுள் ஒன்றாக வைத்தது. பின்னர் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கை, விடுப்பின் குறைந்தபட்ச அளவை மூன்று வேலை வாரங்களாக உயர்த்தியது. நமது பொருளுக்கு மிகவும் நெருக்கமான இரண்டு விதிகள் அதில் உள்ளன. பொது விடுமுறை நாள்களை அந்தக் குறைந்தபட்ச விடுப்பின் பகுதியாகக் கணக்கிடக் கூடாது என்பது ஒன்று. விடுப்பைப் பிரித்துத் தரலாம், ஆயினும் வேறு உடன்பாடு இல்லாதபோது ஒரு பகுதியாவது இடைவிடாத இரண்டு வேலை வாரங்களாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. எல்லா நாடுகளும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் நீண்ட ஓய்வு ஆடம்பரமன்று, விடுப்பின் மையமே அதுதான் என்று அதை வகுத்தவர்கள் கருதியிருப்பது எனக்கு ஆறுதல் தருகிறது.

நீண்ட ஓய்வு ஏன் வேண்டும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. நெதர்லாந்தில் நீண்ட விடுப்பில் சென்ற பணியாளர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய உடல்நலமும் மனநிறைவும் விடுப்பின் எட்டாம் நாள் வாக்கில்தான் உச்சத்தை எட்டின. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திற்குள்ளேயே அந்த நன்மை பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. முன்னதைக் கொண்டு பார்த்தால், நான்கு நாள் ஓய்வில் நாம் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறோம். ஒன்பது நாள் ஓய்வே நம்மை அந்த உச்சம் வரை கொண்டுசெல்கிறது. பின்னதைக் கொண்டு பார்த்தால், முழு விடுப்பையும் ஒரே மூச்சில் செலவிட்டுவிட்டு மற்ற பதினொரு மாதமும் ஓய்வின்றி உழைப்பதும் அறிவுடைமை ஆகாது. எனவே ஆண்டின் தொடக்கத்தில் விடுமுறைப் பட்டியல் வெளியானவுடன், ஒன்பது நாளோ அதற்கு மேலோ தொடரும் ஓய்வு ஒன்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் எஞ்சும் நாள்களை, விடுமுறையே இல்லாத நெடிய மாதங்களுக்கும் செவ்வாய், வியாழன் விடுமுறைகளுக்கும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நோய்க்கும் குடும்பத் தேவைக்கும் தனி விடுப்பு இல்லாத பணியிடமானால், சில நாள்களைத் தொடாமல் வைத்திருப்பதும் கட்டாயம்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரே ஒரு விதியால் கணக்கு முழுவதும் குலைந்துபோவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். இரு விடுப்பு நாள்களுக்கு இடையில் அகப்படும் வார ஓய்வையும் பொது விடுமுறையையும் விடுப்பாகவே கழிக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் உள்ளது. சாண்ட்விச் விதி என்று அதைச் சொல்வார்கள். அங்கே வெள்ளியும் திங்களும் விடுப்பெடுத்தால், கணக்கில் இரண்டு நாளுக்குப் பதில் நான்கு நாள் குறைந்துவிடும். இவ்விதி நியாயமற்றது என்றே கருதுகிறேன், ஏனெனில் ஓய்வு நாள் என்று ஏற்கெனவே வழங்கிய ஒன்றை இது திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஆனால் அது நடைமுறையில் உள்ள இடத்தில் வேலை செய்பவர், விதியின் சொற்களை முழுமையாகப் படிக்காமல் விண்ணப்பிக்கக் கூடாது. பல இடங்களில் ஓய்வு நாள்களின் இரு புறமும் விடுப்பெடுத்தால்தான் இடைநாள்கள் கழிக்கப்படும். ஒரு புறம் மட்டும் எடுத்தால் கழிக்கப்படுவதில்லை. தற்செயல் விடுப்புக்கு ஒரு விதியும் ஈட்டிய விடுப்புக்கு வேறு விதியும் இருக்கலாம். விடுமுறையை விடுப்பின் முன்னோ பின்னோ சேர்த்துக்கொள்ளத் தனியாக அனுமதி கேட்க வேண்டிய அலுவலகங்களும் உண்டு. எஞ்சும் விடுப்பில் எத்தனை நாள் மறு ஆண்டுக்குச் செல்லும், எது காலாவதியாகும், எதைப் பணமாக்கலாம் என்பவற்றையும் எழுத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், பணி முடிவுறும்போதன்றி, நான்கு வாரக் குறைந்தபட்ச விடுப்பைப் பணமாக மாற்றுவதை அனுமதிப்பதில்லை. ஓய்வைப் பணத்துக்கு விற்கும் கட்டாயத்திலிருந்து தொழிலாளியைக் காப்பதால், அந்த ஏற்பாடு சரியானது என்பது என் கருத்து.

அடுத்தது, உடன் பணியாற்றுவோர். எல்லாருக்கும் தேவைப்படும் அந்த ஒரு வெள்ளிக்கிழமை, முதலில் விண்ணப்பித்தவருக்கே என்ற முறையில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவரிடமே போய்ச் சேர்ந்தால், மற்றவர்கள் மனத்தில் கசப்பு வளரும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையே நம்பியிருக்கும் பெற்றோர், தொலைவில் வாழும் முதிய பெற்றோரைப் பார்க்கச் செல்ல வேண்டியவர், தம் சமயத்தின் நன்னாளுக்குப் பொது விடுமுறை இல்லாதவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருக்கும். பிரிவில் உள்ள அனைவரும் ஆண்டின் தொடக்கத்தில் ஒருமுறை அமர்ந்து, நெருக்கடியான நாள்களை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டு, யார் எதை எடுத்தார்கள் என்பதைக் குறித்து வைத்தால், மறு ஆண்டு வழக்கே எழாது. இதற்கு மேலாளரின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விடுப்பில் செல்பவர் தம் வேலையின் நிலையை எழுதி ஒப்படைத்துவிட்டால், ஓய்வின் நடுவே தொலைபேசி ஒலிப்பதும் பெரிதும் குறையும்.

இறுதியாக, நாமெல்லாம் விடுமுறையில் இருக்கும்போது வேலையில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவிலியர், ஓட்டுநர், மின்வாரியப் பணியாளர், காவலர், உணவக ஊழியர், வானொலி நிலையத்தார் ஆகியோருக்கு நாள்காட்டியின் சிவப்பு எழுத்து மற்றவர்களுக்குத் தரும் பொருளைத் தருவதில்லை. அவர்களுக்கு முதன்மையானது ஈடுசெய் விடுப்பு. பொது விடுமுறையில் பணியாற்றியதற்கு ஈடாக ஒரு நாள் விடுப்பா, கூடுதல் ஊதியமா, இரண்டுமா என்பதை நியமன ஆணையிலோ பணி விதிகளிலோ பாருங்கள். விடுப்பு என்றால் எத்தனை நாளுக்குள் அதை எடுத்தாக வேண்டும் என்பதையும் பாருங்கள், ஏனெனில் பல இடங்களில் அதற்கான காலம் குறுகியது. சுழற்சி முறையில் வரும் உங்கள் வார ஓய்வு நாள்களே உங்களுக்குச் சனி, ஞாயிறு. பணிப்பட்டியல் முடிவாவதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் எழுதிக் கேட்டு, சேர்த்து வைத்த ஈடுசெய் விடுப்பை அந்த ஓய்வு நாள்களோடு இணைத்தால், கூட்டமும் கட்டணமும் குறைந்த சாதாரண வாரமொன்றில் நான்கைந்து நாள் ஓய்வு உங்களுக்கு அமையும். நீங்கள் பணியாற்றிய ஒவ்வொரு விடுமுறை நாளின் தேதியையும் உங்கள் கையாலேயே குறித்து வைத்திருந்து, மாத முடிவில் அலுவலகக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.