எழுதிக்கொள்ளுங்கள் என்றான் இறைவன்

(எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் பேசியது. வரமுடியாத சிலர் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

இந்த நிகழ்ச்சிக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, கிராஅத்தாகக் குர்ஆன் ஓதி நம் நெஞ்சை நனைத்த சின்னத்தம்பி அவர்களே, முப்பது வருஷமாக இந்த மிஹ்ராபில் நின்று நமக்குத் தொழுகை நடத்தும் எங்கள் இமாம் ஹஜ்ரத் அவர்களே! ஹஜ்ரத் முன்னால் நான் குர்ஆனைப் பற்றிப் பேசுவது பெரிய காரியம். பிழை இருந்தால் அவர்கள் இந்த மேடையிலேயே திருத்தவேண்டும், நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வேன்.

அழைத்தவுடன் மறுக்காமல் வந்து அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அய்யா அவர்களே! அய்யா நம் தெருவுக்குப் புதியவர் அல்ல. பெருநாளைக்கு நம் வீட்டுச் சாப்பாடு அவர் வீட்டுக்குப் போகும், பொங்கலுக்கு அவர் வீட்டுக் கரும்பு நம் வீட்டுக்கு வரும். எனக்குப் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! உங்களுக்குத்தான் இன்றைக்கு நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது. காலையிலிருந்து பந்தல் போட்டு, நாற்காலி சுமந்து, ஒலிபெருக்கி கட்டிய தம்பிமார்கள் யாரும் மேடையில் இல்லை. அவர்களுக்கும் என் சலாம். எனக்குப் போட்ட சால்வையை, தலைவர் அனுமதித்தால், பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கும் பெரியவருக்குத் தந்துவிடுகிறேன்.

நோட்டீஸில் மூன்று வசனங்கள் என்று போட்டிருக்கிறார்கள். முதலாவது, அல்பகரா ஸூராவின், அதாவது அத்தியாயத்தின், 282ஆவது வசனம். இரண்டாவது, ஹுஜுராத் ஸூராவின் 12ஆவது வசனம், வீண் சந்தேகமும் புறம்பேசுதலும் கூடாது என்பது. மூன்றாவது, மாஊன் ஸூரா. நேரம் எவ்வளவு தருகிறார்களோ தெரியாது, முதலாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குர்ஆனிலேயே நீளமான வசனம் எது? நம் மதரஸா பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடும், பகராவின் 282. கவ்ஸர் ஸூரா முழுவதுமே மூன்று வசனம்தான், ஒரே மூச்சில் ஓதிவிடலாம். இந்த ஒரு வசனமோ மதீனா பதிப்புக் குர்ஆனில் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு நீளமாக அல்லாஹ் எதைப் பற்றிச் சொல்கிறான்? சொர்க்கத்தைப் பற்றியா? நரகத்தைப் பற்றியா? கடனைப் பற்றி. தவணை போட்டுக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறான். எழுதுகிறவர் நியாயமாக எழுதட்டும், எழுதத் தெரிந்தவர் மறுக்கவேண்டாம். சாட்சி வையுங்கள், கூப்பிட்டால் சாட்சிகள் வராமல் இருக்கவேண்டாம். தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிக்காதீர்கள். எழுதுகிறவருக்கும் சாட்சிக்கும் தொந்தரவு தராதீர்கள். இப்படியே போகிறது வசனம். படிக்கும்போது ஒரு தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, "இதையும் பார்த்துக்கோ, அதையும் பார்த்துக்கோ" என்று சொல்வது மாதிரி இருக்கிறது எனக்கு.

"அண்ணன் தம்பிக்குள்ளே எழுத்து எதுக்கு? நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறார்கள். நான் போகிற ஊரிலெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. வசனம் எப்படி ஆரம்பிக்கிறது? "யா அய்யுஹல்லதீன ஆமனூ", ஈமான் கொண்டவர்களே என்று. முதலில் கேட்டவர்கள் யார்? நபித்தோழர்களான சஹாபாக்கள். ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுத்தவர்கள். அவர்களிடமே எழுதிக்கொள்ளச் சொன்னான் என்றால், நம்முடைய நம்பிக்கை அவர்களுடையதை விடப் பெரியதா? நம் பெரியவர்கள் சொன்னார்கள், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. பாசம் இல்லாதவன் சொன்ன சொல் இல்லை இது. பாசம் கெடக்கூடாது என்று நினைத்தவன் சொன்னது.

பெரும்பாலான அறிஞர்கள் எழுதுவதைக் கட்டாயக் கடமை என்று சொல்லவில்லை, விரும்பத்தக்கது என்றுதான் சொல்கிறார்கள். ஹஜ்ரத் தலையசைக்கிறார்கள். அடுத்த வசனத்திலேயே, ஒருவரை ஒருவர் நம்பிக் கொடுத்தால் நம்பப்பட்டவர் அந்த அமானிதத்தைச் சரியாகத் திருப்பித் தரட்டும் என்றும் வருகிறது. சரி. ஆனால் ஏன் எழுதவேண்டும் என்பதற்கு அல்லாஹ்வே காரணம் சொல்கிறானே! அதுதான் அல்லாஹ்விடம் நீதியானது, சாட்சியத்துக்கு உறுதியானது, நீங்கள் சந்தேகப்படாமல் இருக்க நெருக்கமானது என்கிறான். இந்தக் கடைசிச் சொல்லை நான் என் வீட்டில் அழுது படித்தேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் அத்தாவுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு கல்லாவில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார்கள். மறுநாள் நண்பகல் லுஹருக்கு ஜனாஸா, இறந்தவருக்கான தொழுகை. நம் வழக்கம் தெரியும், தொழவைக்கும் முன் மகன் எழுந்து நின்று சொல்லவேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது. பெரியத்தா என் தோளைத் தொட்டு எழுப்பினார்கள். "எங்க அத்தா யாருக்காவது கடன் தரவேண்டியிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் பொறுப்பு" என்றேன். குரல் நடுங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அத்தா கடன் இல்லாமல் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அடக்கிவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பிறகு குப்பி வந்தார்கள். அத்தாவின் ஒன்றுவிட்ட தங்கை. கணவர் போய்ச் சேர்ந்து, பூத்தையல் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள். கையில் ஒரு சின்னப் பெட்டி. பெரியத்தா, சின்னத்தா, எங்கள் அம்மா, நான் எல்லோரும் இருந்தோம். பெட்டியைத் திறந்து பாயில் வைத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. சிவப்பு வெல்வெட் வெளுத்து ரோஸாகியிருந்தது. வளையல் உட்காரும் வட்டமான பள்ளம் மட்டும் பழைய சிவப்பாகவே இருந்தது. "ஆறு பவுன் அண்ணே. கடை கைவிட்டுப் போகப் போகுதுன்னு உங்க தம்பி கேட்டாக. கழட்டிக் கொடுத்தேன். மகளுக்குக் கல்யாணம் வெச்சா தர்றேன்னாக" என்றார்கள்.

எழுத்து இருக்கிறதா என்று சின்னத்தா கேட்டார்கள். இல்லை. யாராவது பார்த்தார்களா? இல்லை. அம்மாவிடம் கேட்டார்கள், அம்மாவுக்குத் தெரியாது. அத்தா எதையும் வீட்டில் சொல்கிறவர்கள் இல்லை. கடைக் கணக்கு நோட்டுகளை ராத்திரி முழுக்கப் புரட்டினேன். அரிசிக் கணக்கு இருந்தது, எண்ணெய் டின் கணக்கு இருந்தது, ஆழாக்குப் பருப்புக் கடன் வரைக்கும் இருந்தது. ஆறு பவுன் மட்டும் இல்லை. தங்கைதானே என்று எழுதாமல் விட்டிருப்பார்கள்.

குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி மூன்று பவுன் தருவது என்று முடிவானது. பாதி. இதைக் கவனியுங்கள். குப்பி சொன்னது உண்மை என்றால் மூன்று பவுன் அநியாயம். பொய் என்றால் தகப்பனை இழந்த யத்தீம் பிள்ளைகளின் சொத்திலிருந்து மூன்று பவுன் கொடுத்தது அநியாயம். எப்படிப் பார்த்தாலும் அநியாயம்தான், அதற்குப் பெயர் சமாதானம். குப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பெட்டியை மறந்தோ மறக்காமலோ எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

நான் ஜித்தாவுக்குப் போய், ஐந்து வருஷம் கழித்து முதல் விடுமுறையில் மீதி மூன்று பவுனை வாங்கிக்கொண்டு குப்பி வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியைக் கழட்டி என்னைப் பார்த்தார்கள். "தங்கம் வரும், போகும்பா. நான் பொய் சொல்லலைன்னு அன்னிக்கே ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்கள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்கள். அத்தாவை அடக்கிய கபுறைப் பற்றிக் கேட்டார்கள், அழுதார்கள். அன்றைக்குத்தான் எனக்கு "சந்தேகப்படாமல் இருக்க நெருக்கமானது" என்ற சொல் விளங்கியது. ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் குப்பி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்திருப்பார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

கடன் ஒரு மனிதனின் குணத்தையே மாற்றிவிடும். நபி ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்டபோது, மனிதன் கடன்பட்டால் பேசும்போது பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்றார்கள். நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது. நம் கடைத்தெருவில் நின்று பார்த்தால் தெரியும். கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்புகிறவரும், பிள்ளையை விட்டு "அத்தா ஊர்ல இல்லை" என்று சொல்லச் சொல்கிறவரும் பிறக்கும்போதே பொய்யர்களா? இறந்துபோன ஒருவரின் மய்யித்துக்கு மூன்று தீனார் கடன் இருக்கிறது என்றதும், நீங்களே உங்கள் தோழருக்குத் தொழுதுகொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுங்கினார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடன் என் பொறுப்பு என்ற பிறகுதான் தொழவைத்தார்கள். மூன்று தீனார்!

வசனத்தில் இன்னொரு இடம். வாசகத்தை யார் சொல்லவேண்டும்? கடன்பட்டவர் சொல்லவேண்டும் என்கிறான் அல்லாஹ். கொடுத்தவர் அல்ல. நம் ஊரில் நடப்பது என்ன? வெற்று புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கீழே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். தொகை, தேதி எல்லாம் பிறகு கொடுத்தவர் நிரப்பிக்கொள்வார். காகிதம் இருக்கிறது, ஆனால் வசனம் கேட்ட எழுத்து அது இல்லை. இன்னும் சிலர் கூகுள் பேயில் அனுப்பியிருக்கிறேனே, அதுவே சாட்சி என்கிறார்கள். பணம் போனது தெரியும். கடனா, அன்பளிப்பா, கூட்டு வியாபாரமா என்பது அதில் எங்கே இருக்கிறது? வழக்கறிஞர் அய்யா சற்று முன் சொன்னார்கள், புரோநோட்டு எழுதி மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதியாகிவிடும் என்று. நீதிமன்றத்தில் காலாவதியாகலாம் அய்யா, எங்கள் மார்க்கத்தில் கொடுத்தவர் மன்னிக்கிற வரைக்கும் அந்தக் கடன் கழுத்தில்தான் இருக்கும்.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். நம் சமுதாயத்தில் எழுதப்படாத கடனில் பெரிய கடன் எது? பெண்களின் நகை. புருஷன் விசாவுக்கு மனைவியின் வளையல், கொழுந்தன் விசாவுக்கு நெக்லஸ், கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க ஆரம், நாத்தனார் கல்யாணத்துக்குக் காசுமாலை. "அவசரத்துக்குக் கொடு, திருப்பித் தர்றேன்" என்று கழட்டி வாங்குகிறோம். அடகுக்கடை ரசீது மட்டும் ஆண்கள் சட்டைப்பையில் இருக்கும். அந்த நகை அவள் சொத்து. திருப்பித் தருகிறேன் என்று வாங்கினால் அது கடன். மனைவி என்பதால் 282ஆவது வசனம் அவளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கவில்லை. மணமகன் மணமகளுக்குத் தரவேண்டிய மஹரைக் கொடுக்காமல் நிலுவையில் வைத்தால் அதுவும் கடன்தான்.

புருஷன் மௌத்தானதும் என்ன செய்கிறோம்? பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஷரீஅத் படி பிரித்துவிட்டோம் என்று எழுந்துவிடுகிறோம். நிஸா ஸூராவின் 11, 12 ஆகிய இரண்டு வசனங்களை எடுத்துப் பாருங்கள். வசிய்யத் என்னும் மரண சாசனமும் கடனும் தீர்ந்த பிறகுதான் பங்கு என்று நான்கு தடவை வருகிறது. நான்கு தடவை! அவளிடம் வாங்கிய இருபது பவுனும் மஹர் பாக்கியும் முதலில் அவள் கைக்குப் போகவேண்டும். அப்புறம்தான் எட்டில் ஒன்று. இது எத்தனை வீட்டில் நடக்கிறது? எழுத்து இல்லையே, எங்கள் குப்பி மாதிரி அவளும் காலிப் பெட்டியைத்தான் காட்டவேண்டும்.

தாய்மார்களே, மகன் கேட்டாலும் எழுதி வாங்குங்கள். மகனே, அம்மா கேட்கும் முன் நீயே எழுதிக் கொடு. கொடுத்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எழுத்து இருக்கிறதே என்று கழுத்தைப் பிடிக்காதீர்கள். கஷ்டத்தில் இருப்பவனுக்கு வசதி வரும் வரை அவகாசம், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் நல்லது என்பது அதே பகராவின் 280ஆவது வசனம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, அதற்காகப் பிள்ளையின் வயிற்றைத் தாய் பட்டினி போடமாட்டாள்.

நம் ஜமாஅத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். திருமணப் பதிவேடான நிகாஹ் தஃப்தர் பக்கத்திலேயே ஒரு கடன் தஃப்தர் வையுங்கள். கடன் சீட்டு அச்சடித்துக் கொடுங்கள். மூன்று பிரதி, வாங்கியவருக்கு ஒன்று, கொடுத்தவருக்கு ஒன்று, பள்ளிவாசலில் ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அரைமணி நேரம் எழுதத் தெரிந்த ஒருவரும் சாட்சிக்கு ஆளும் அங்கே இருக்கட்டும். பெண்கள் வர வேறு நேரம் ஒதுக்குங்கள். நகைக் கடன் என்றால் ரூபாயில் எழுதவேண்டாம், பவுனிலேயே எழுதுங்கள். எந்த நகை, எத்தனை கிராம் என்பதும் இருக்கட்டும்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஹுஜுராத் வசனம் எங்கள் குப்பி கதையிலேயே பாதி வந்துவிட்டது, ஹஜ்ரத் அவர்கள் ஜும்ஆவில் விரிவாகச் சொல்லவேண்டும். மாஊன் ஸூராவுக்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள், அல்லாஹ் நாடினால் வருகிறேன்.

போகும் முன் ஒரு வேலை. நான் ஜித்தாவுக்குப் போனபோது டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் என் மனைவியின் எட்டுப் பவுன் போனது. வீடு கட்டினோம், மகளைக் கட்டிக் கொடுத்தோம், அந்த எட்டுப் பவுன் மட்டும் திரும்பவில்லை. அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. மாதிரிக்கு அச்சடித்த சீட்டில் முதல் சீட்டை அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு என் கைப்பட எழுதினேன். இரண்டு வளையல் நான்கு பவுன், ஒரு சங்கிலி மூன்று பவுன், கம்மல் ஒரு பவுன், தவணை வருகிற ரமலான். சாட்சிக் கையெழுத்து இரண்டும் பாக்கி இருக்கிறது. தலைவர் அவர்களும் என் தலைமையாசிரியர் அவர்களும் மைக் பக்கம் வாருங்கள். பேனா இங்கே இருக்கிறது.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும்.