பாஸ்வேர்டு கசிந்தால் முதலில் எதைப் பூட்டுவது?

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு இணையதளத்தில் வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போனதாகச் செய்தி வந்தால், அந்தத் தளத்தின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அது போதாது. 2020-ல் ஆன்லைனில் மளிகை விற்கும் பிக்பாஸ்கெட் தளத்தின் கசிவில் சுமார் 2 கோடி பேரின் விவரங்கள் வெளியே போயின. இப்படிக் கிடைக்கும் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் வேறு எந்தெந்தத் தளம் ஏற்கிறது என்று மென்பொருள் வைத்து வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர்தான் இதில் மாட்டுகிறார். நம் ஊரில் காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முன்பதிவுக் கணக்கு கைமாறினால், உங்கள் பெயரிலேயே விருந்தினரிடம் முன்பணம் கேட்பார்கள்.

ஆகவே முதலில் மின்னஞ்சல். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து, வேறெங்கும் பயன்படுத்தாத புதிய பாஸ்வேர்டு வையுங்கள். அடுத்து, 'உங்கள் சாதனங்கள்' பகுதியில் அடையாளம் தெரியாத போன் எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. உள்ளே வந்தவர் உங்கள் கடிதங்கள் தனக்கும் வரும்படி 'ஃபார்வர்டிங்' அமைத்துவிட்டுப் போயிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். ஜிமெயிலில் இதைப் போன் செயலியில் பார்க்க முடியாது. கணினியில் திறந்து, அமைப்புகளில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் பாருங்கள்.

பிறகு இரண்டடுக்குப் பாதுகாப்பு, அதாவது பாஸ்வேர்டுக்குப் பின் இன்னொரு எண்ணையும் கேட்கும் ஏற்பாடு. சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைக் கிராமத்தில் எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பியிருப்பது சிரமம். அதற்குப் பதில் 'ஆதென்டிகேட்டர்' செயலியை வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் ஒருமுறை கணக்கோடு இணைத்துவிட்டால், போதும். அதன்பின் போனில் இருக்கும் ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் வைத்து 30 வினாடிக்கு ஒரு புது எண்ணைக் கணக்கிட்டுத் தரும், நெட்வொர்க்கே வேண்டாம். ஆனால் போனில் நேரத்தைக் கையால் மாற்றியிருந்தால் அந்த எண்ணைத் தளம் ஏற்காது. 'தானியங்கி நேரம்' இயக்கத்தில் இருக்கட்டும்.

போன் தொலைந்தால் கைகொடுப்பவை 'பேக்கப் கோட்' எனப்படும், முன்கூட்டியே எடுத்துவைக்கும் மாற்று எண்கள். கூகுள் 8 இலக்கத்தில் 10 எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும். அதே போனில் படமெடுத்து வைத்துப் பயனில்லை. தாளில் எழுதி, இங்குள்ள ஈரத்துக்கு பிளாஸ்டிக் உறையில் போட்டு பத்திரங்களோடு வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பார்த்து, 6 இலக்க 'பின்' எண்ணையும் போட்டுவிடுங்கள்.

கசிவுச் செய்தி வந்த கையோடு, உங்கள் பெயர், முகவரி எல்லாம் சரியாகச் சொல்லி 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று அழைப்பு வரலாம். அந்த விவரங்கள் கசிந்த பட்டியலிலிருந்தே கிடைத்திருக்கும். ஓடிபி கேட்டால் இணைப்பைத் துண்டித்து, ஏடிஎம் அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போயிருந்தால் மறுநாள் வரை காத்திராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.