நாய் குரைத்தால் பதறிய வீடு

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

ஒரு போதகரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் போதகரம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். போதகரம்மா என்றதும் ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியச் சங்கம், வருகிறவர்களுக்கெல்லாம் காபி என்று நம் மனதில் ஒரு படம் வரும், இல்லையா? நான் சொல்லும் அம்மாவுக்கு அடுப்பு மூட்ட நிலையான ஓர் இடம்கூடப் பல வருடம் அமையவில்லை. பெயர் கெர்ட்ரூட். மென்னோ சைமன்ஸின் மனைவி.

மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெயரே அந்த மென்னோவால் வந்ததுதான். 1496-இல் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில், விட்மார்சம் என்ற ஊரில் பிறந்தவர். 1524-இல் கத்தோலிக்கக் குருவானார். கஷ்டமில்லாத வேலை. சக குருக்களோடு சீட்டும் குடியுமாகப் பொழுது போனது என்று பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதினார்.

1531-இல் லேயுவார்டன் நகரில் ஒரு தையல்காரரின் தலையை வெட்டினார்கள். குற்றம்? வளர்ந்தபின் மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றதுதான். இதென்ன புதுக் கதை என்று மென்னோ வேதத்தைப் புரட்டினார். குழந்தை ஞானஸ்நானத்துக்கு அதில் ஆதாரம் தென்படவில்லை. ஆனாலும் வேலையை விடவில்லை. 1535-இல் இதே கொள்கைக்காரர்கள் சிலர் வாளெடுத்து ஒரு மடத்தைப் பிடித்தார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். வழி தவறிய அந்த ஜனங்கள் செத்தபோது நான் சொகுசாக உட்கார்ந்திருந்தேனே என்ற எண்ணம் அவரைத் தூங்க விடவில்லை. 1536 ஜனவரியில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார். வாள் வேண்டாம் என்று போதித்துக்கொண்டே ஊர் ஊராக அலைந்தார்.

கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் வீடு? மென்னோவுக்கு இடம் கொடுத்ததற்காக தியார்ட் ரெய்னிக்ஸ் என்பவரை 1539-இல் கொன்றுவிட்டார்கள். 1542-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், மென்னோவைப் பிடித்துத் தருபவருக்கு 100 கில்டர் பரிசு அறிவித்தார். அப்புறம் யார் கதவைத் திறப்பார்கள்? என் மனைவியும் சின்னப் பிள்ளைகளும் ஒரு வருடம், வேண்டாம், ஆறு மாதம் பத்திரமாகத் தங்க ஒரு குடிசை எந்த நாட்டிலும் கிடைக்கவில்லை என்று 1544-இல் எழுதினார்.

பத்து வருடம் கழித்து, தன்னைத் தாக்கி எழுதிய கெல்லியுஸ் ஃபாபர் என்ற போதகருக்கு ஒரு பதில் எழுதினார். நீங்கள் மெத்தையில் படுக்கிறீர்கள், நாங்கள் மூலைகளில் ஒளிகிறோம். கல்யாண வீடுகளில் உங்களுக்குக் குழலும் வீணையும் கேட்கிறது, எங்களுக்கு நாய் குரைத்தாலே பிடிக்க ஆள் வந்துவிட்டதோ என்று பதற்றம் என்கிறார். பதினெட்டு வருடமாக மனைவி மக்களோடு பட்ட பாடு அது. அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. அந்த அம்மா பட்ட பாட்டை இவர் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்துகிறார். இருந்தாலும், சொல்லாமல் மறைத்த போதகர்களைவிட இவர் மேல் என்று தோன்றுகிறது.

கடைசியில் ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனில், ஆலஃபெல்ட் என்ற பிரபு தன் நிலத்தில் தங்க இடம் கொடுத்தார். மென்னோ ஊன்றுகோல் பிடித்து நடந்த காலம் அது. அவருக்கு முன்பே கெர்ட்ரூட் இறந்துபோனார். 1561 ஜனவரி 31-இல் மென்னோவும் போனார். வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார்கள்.

ஒரு கடிதத்தைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு அரைகுறை. லேனார்ட் பவுன்ஸ் என்பவரை மென்னோ 1551-இல் மூப்பராக ஏற்படுத்தினார். இரண்டு வருடம் போல ஆனதும், அவருடைய மனைவி பயந்துபோய், என் கணவரை இந்த ஊழியத்திலிருந்து விடுவியுங்கள் என்று மென்னோவிடம் கெஞ்சினார். யாரிடம் கேட்கிறார் பாருங்கள்! அந்தப் பயத்தை அணு அணுவாக அறிந்த வீட்டுக்காரரிடம். மென்னோ மிகுந்த பரிவோடு பதில் எழுதினார். ஆனால் விடுவிக்கவில்லை.

லேனார்ட் பவுன்ஸ் ஊர்வாரியாகக் கணக்கு எழுதி வைத்துக்கொண்டு பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த அம்மா பயந்தது நடக்கவில்லை. 1582 வரை லேனார்டை யாராலும் பிடிக்க முடியவில்லை. அந்த வருடம் இயற்கையாகவே கண்மூடினார்.