வாதா மரத்தடித் தனிமை

என் ஓவியக் கண்காட்சிக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை, சத்தமாகவே பேசிவிடுகிறேன்.

போன வாரம் ஓவியம் படிக்கிற தம்பி ஒருவர் வந்து, "சார், வீட்டில் இருந்தால் வரையவே ஓடவில்லை, எங்கேயாவது காட்டுக்குள்ளே போய்த் தனியாக உட்கார்ந்தால்தான் சரிப்படும்" என்றார். எந்தக் காடுப்பா என்றேன். போனில் ஒரு படம் காட்டினார். ரஷ்ய ஓவியர் ஐசக் லெவிடன் வரைந்தது, மாஸ்கோவின் சொகோல்னிகி பூங்கா, இலையுதிர் காலம், 1879. இரண்டு பக்கமும் நெட்டை நெட்டையாகப் பைன் மரங்கள், பாதையோரம் மஞ்சளாகிவிட்ட இளங்கன்றுகள், நடுவில் கறுப்பு உடையில் தன்னந்தனியாக ஒரு பெண். பார்த்தால் யாருக்கும் அங்கே போய் நிற்கத் தோன்றும்தான்.

ஆனால் அந்தப் பெண்ணை வரைந்தது லெவிடன் இல்லை! நண்பர் நிக்கொலாய் செகாவ், எழுத்தாளர் செகாவின் அண்ணன். தனிமைக்குப் பேர் போன படத்திலேயே இரண்டு பேர் கை. அப்புறம் இன்னொன்று, அப்போது லெவிடனுக்கு வயது 19, அப்பா அம்மா இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள், யூதர்கள் மாஸ்கோவில் இருக்கக் கூடாதென்று அந்த வருடம்தான் அவரை ஊரை விட்டே அனுப்பியிருந்தார்கள். நம்ம தம்பிக்கு வீடு தொந்தரவு, அவருக்கு வீடே கிடையாது.

வீட்டையே வரைந்தவரும் உண்டு. ஸ்வீடனில் கார்ல் லார்சன். சுண்ட்போர்ன் கிராமத்து வீடு, சாப்பாட்டு மேசை, ஜன்னலோரப் பூந்தொட்டி, தண்டனையாக நாற்காலியில் உட்கார வைத்த பையன், எல்லாம் படத்தில் வரும். அந்த வீட்டுக்குத் துணி நெய்தது, திரையும் விரிப்பும் தைத்தது மனைவி கரின். அவரும் முறையாகப் படித்த ஓவியர்தான், குழந்தைகள் வரிசையாகப் பிறந்ததும் தூரிகையை வைத்துவிட்டுத் தறிக்கு வந்துவிட்டார். படத்துக்குக் கீழே யார் கையெழுத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பியிடம் கேட்டேன், சரி, காட்டுக்குச் சோறு யார் கட்டித் தருவார்கள்? "அம்மா" என்றார், யோசிக்காமல்.

நான் மட்டும் யோக்கியனா? புதுச்சேரியில் ஏது இலையுதிர் காலம், ஐப்பசி கார்த்திகையில் மழை வெளுத்து வாங்கும், வாட்டர் கலர் காயவே காயாது. நமக்கு இலை சிவப்பது மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, தை மாசியில், முத்தியால்பேட்டையில் என் வீட்டு வாசல் வாதாங்கொட்டை மரத்தில். ஒரே இலையில் நரம்போரம் பச்சை, நடுவில் மஞ்சள், விளிம்பில் ரத்தச் சிவப்பு. இருபது வருடமாக வரைகிறேன். விடிந்ததும் அந்தக் குப்பையைப் பெருக்குவது என் மனைவி. ஒருநாள், நல்ல சிவப்பாக ஒரு இலை எடுத்து வையேன் என்றேன். விளக்குமாற்றை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெருக்கும்போதுதான் பார்த்தேன், பாதி இலை கவிழ்ந்து கிடக்கிறது, அடிப்பக்கம் அந்தச் சிவப்பே இல்லை, மங்கின செம்மண் நிறம். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதை வரைந்ததில்லை.

இடது பக்கச் சுவரில் மூன்றாவது படம் அதுதான். போய்ப் பாருங்கள், டீ வந்துவிட்டது.