பாட்டு இல்லாமல் ஓடவே முடியவில்லை, என்ன செய்வது?

அடுத்த கேள்வி வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. கொஞ்சம் நீளமாக இருக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன். ஜனவரியில் சென்னையில் தன் முதல் ஹாஃப் மராத்தான் ஓடப் போகிறாராம், அதாவது 21.1 கிலோமீட்டர். காதில் பாட்டு இல்லை என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியவில்லை. கூட ஓடுகிற சீனியர்கள் இது கள்ள ஆட்டம் என்று கிண்டல் செய்கிறார்கள். பந்தயத்தில் இயர்போன் போட விடுவார்களா, எந்த மாதிரி பாட்டு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறார்.

கள்ள ஆட்டம் பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஹைலே கெப்ரசெலாசி தெரியும் இல்லையா, எத்தியோப்பியாக்காரர், உலகம் கண்ட பெரிய ஓட்டக்காரர்களில் ஒருவர். அவர் 1998ல் பர்மிங்ஹாம் உள்ளரங்கத்தில் 2000 மீட்டர் உலக சாதனை செய்தபோது தனக்குப் பிடித்த ஒரு பாப் பாட்டை அரங்க ஒலிபெருக்கியில் போடச் சொல்லித்தான் ஓடினார். அதன் தாளம் அவருடைய காலடி வேகத்துக்குச் சரியாக இருந்ததாம். அடுத்த தடவை சீனியர் யாராவது கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் தம்பி, உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது வேறு. பாட்டு இல்லாமல் மூன்று கிலோமீட்டர் தாண்டவில்லை என்றால், அநேகமாக நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் கராஜியோர்கிஸ் என்பவர் இசையையும் உடற்பயிற்சியையும் பல வருடங்கள் ஆராய்ந்தவர். மிதமான வேகத்தில் ஓடும்போது பாட்டு கேட்டால் சிரமம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகத் தெரியும், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு உடம்பு போடுகிற சத்தத்துக்கு முன்னால் பாட்டு எடுபடாது என்பதுதான் அந்த ஆய்வுகளின் சாரம். கவனியுங்கள், குறைவது சிரமம் இல்லை, சிரமம் தெரிவது. நம் ஊர் ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில், விடியற்காலையிலேயே சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிற நாளில், உடம்பு நிறுத்து என்று சொல்வதைப் பாட்டு மறைத்துவிட்டால் அது ஆபத்து.

அதனால் ஒரு வாரம் இயர்போனை வீட்டில் வைத்துவிட்டு, முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓடிப் பாருங்கள். பயிற்சியாளர்கள் சொல்கிற சோதனை இது: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டுப் பிரியர்களுக்கு இதைவிட வசதியான மீட்டர் கிடையாது. ஒரு பல்லவியின் முதல் வரியையாவது இழுத்துப் பாட முடிந்தால் அது நடையை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பேச்சே இரண்டு இரண்டு வார்த்தையாக உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். கூட வருகிறவர்கள் முன்னால் போனால் போகட்டும்.

அப்புறம் ரோடு. அதிகாலையில் நாம் மட்டும் ரோட்டில் இல்லை, தண்ணீர் லாரி இருக்கிறது, பால் வண்டி இருக்கிறது, ராத்திரி டியூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தில் கம்பெனி வேன் ஓட்டுகிறவர் இருக்கிறார், நாய்கள் இருக்கின்றன, நாய் குரைக்காமல் பின்னால் ஓடி வருகிற சத்தம் காதில் விழுந்தால்தான் நின்று திரும்பிப் பார்க்க முடியும். காதை அடைக்கிற மாதிரி இயர்பட், அதிலும் வெளிச் சத்தத்தை வடிகட்டுகிற வகை, ரோட்டில் வேண்டவே வேண்டாம். கன்னத்து எலும்பு வழியாகச் சத்தத்தை அனுப்புகிற ஹெட்போன் வருகிறது, காது திறந்தே இருக்கும், முடிந்தால் அதை வாங்குங்கள். இல்லை, இருக்கிற இயர்போனில் ஒரு பக்கம் மட்டும்தான் என்றால், வண்டிகளுக்கு எதிர்ப்புறமாக ரோட்டின் வலது ஓரத்தில் ஓடுங்கள், வலது காதில் மாட்டுங்கள், வண்டி வருகிற இடது பக்கக் காது சும்மா இருக்கட்டும்.

பந்தய விதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பரிசுக்காக ஓடுகிறவர்களுக்கு சர்வதேச விதிப்படி பாட்டுக் கருவி எதுவும் கூடாது. நம்மைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு பந்தயமும் தனியாக விதி வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2007ல் எல்லோருக்கும் சேர்த்துத் தடை போட்டார்கள், அடுத்த வருடமே பரிசுக்கு ஓடாதவர்களுக்கு விட்டுவிடலாம் என்று தளர்த்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கான காதுகளை யார் சோதிப்பது! நீங்கள் பிப், அதாவது சட்டையில் குத்துகிற எண் அட்டை, வாங்குகிற முன் வருகிற விதிமுறை மின்னஞ்சலை முழுதாகப் படியுங்கள், அதில் என்ன இருக்கிறதோ அதுதான்.

எந்தப் பாட்டு? இங்கேதான் எனக்கு ஆர்வம். நிமிடத்துக்கு 180 அடி வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களின் காலடியை எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு. ஒலிம்பிக் வீரர்கள், பந்தய வேகத்தில். நாம் நிதானமாக ஓடும்போது 160, 170 வந்தாலே போதும். அதனால் நிமிடத்துக்கு 170 தாள அடி விழுகிற குத்துப் பாட்டாகத் தேட வேண்டியதில்லை, 80லிருந்து 85க்குள் இருக்கிற பாட்டே போதும், ஒரு தாள அடிக்கு இரண்டு காலடி கணக்காக உட்கார்ந்துவிடும். கர்நாடக சங்கீதத்தில் என்றால் கீர்த்தனையைவிட வர்ணம் நன்றாக ஓடுகிறது என்பது என் அபிப்பிராயம், அலைச்சல் இல்லாமல் நேராகப் போகும். ராக ஆலாபனையை மட்டும் ஓடும்போது போட்டுவிடாதீர்கள். தாளமே இல்லாததால் கால் தடுமாறும், ராகமும் மனதில் நிற்காது.

இன்னொன்று சொல்கிறேன், கச்சேரிப் பைத்தியங்களுக்குப் பிடிக்கும். ஆதி தாளத்துக்கு ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை. காலடிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டு ஓடினால் சமம், அதாவது சுற்று தொடங்குகிற முதல் எண்ணிக்கை, எப்போதும் ஒரே காலில்தான் விழும், இடது என்றால் கடைசி வரை இடது. மிஸ்ர சாபு ஏழு, கண்ட சாபு ஐந்து, இரண்டும் ஒற்றைப்படை, அதனால் சமம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, இடது, அடுத்தது வலது என்று மாறி மாறி வரும். அமெரிக்காவில் பட் கோட்ஸ் என்ற பயிற்சியாளர் மூன்று அடிக்கு மூச்சை இழுத்து இரண்டு அடிக்கு விடச் சொல்கிறார், மூச்சு விடத் தொடங்குகிற கால் மாறிக்கொண்டே இருக்கட்டும் என்று. அதுவும் ஐந்துதானே! இதனால் காயம் குறையும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது, அதை நம்பிச் செய்ய வேண்டாம். ஆனால் காதில் எதுவும் இல்லாமல் மனதுக்குள் தாளம் போட்டுக்கொண்டு ஓடப் பழக இது நல்ல வழி. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் கேட்ட ஒரு கோர்வையை, அதாவது கணக்குப் போட்டு முடிக்கிற சொற்கட்டை, பிடித்துக்கொண்டு, அது சமத்தில் வந்து விழுகிறதா என்று மண்டையை உடைத்துக்கொண்டே ஓடினால் கிலோமீட்டர் போவது தெரியாது. நான் அப்படித்தான் ஓடுகிறேன்.

உங்கள் பந்தயம் ஜனவரி என்பதால் பயிற்சியின் உச்சம் மார்கழியில் வரும். நமக்கு அதுதான் பெரிய சோதனை. ராத்திரி ஒன்பதரை வரை சபாவில் கச்சேரி, காலையில் நாலரைக்கு லாங் ரன், அதாவது நீண்ட தூர ஓட்டம். நடுவில் சபா கான்டீன் வேறு இருக்கிறது, நெய் ரோஸ்ட்டும் கீரை வடையும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பதினெட்டு கிலோமீட்டர் போனால் வயிறு பதில் சொல்லும். சனிக்கிழமை மாலைக் கச்சேரியை மதியக் கச்சேரியாக மாற்றிக்கொள்ளுங்கள், இளம் பாடகர்கள் பாடுவார்கள், பெரும்பாலும் டிக்கெட்டும் கிடையாது. ஞாயிறு காலையில் மயிலாப்பூர் பக்கம் ஓடினால் இயர்போனே தேவைப்படாது, ஒரு கோயிலில் திருப்பாவை முடிவதற்குள் அடுத்த கோயில் ஒலிபெருக்கி வந்துவிடும், பாபநாசம் சிவன் காலத்திலிருந்து வருகிற மார்கழி பஜனை மாட வீதிகளைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். பஜனைக்குள் புகுந்து ஓடாதீர்கள், ஓரமாக நடந்து தாண்டிவிட்டு அப்புறம் ஓடுங்கள்.

பந்தயத்தன்று விதி அனுமதித்தால், முதல் 14 கிலோமீட்டர் எதுவும் கேட்காதீர்கள். ஓரத்தில் நிற்பவர்கள் கை தட்டுவார்கள், சில இடத்தில் பறை அடிப்பார்கள், அதுவே இழுத்துக்கொண்டு போகும். வெயில் ஏறி கூட்டம் குறைகிற கடைசி ஏழு கிலோமீட்டருக்குப் பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் பாதிக்கு மேல் வேண்டாம், பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் கேட்க வேண்டும். பாட்டை முந்தின நாளே போனில் இறக்கி வைத்துவிடுங்கள், அவ்வளவு கூட்டத்தில் நெட்வொர்க்கை நம்ப முடியாது. போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புப் பையில் வையுங்கள், வியர்வை முதலில் சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள்தான் போகும்.