இறந்துபோன பாடகர்களை எஃப்எம் ஏன் ஒரு நாள் மட்டும் நினைக்குது?

வணக்கம் மக்களே. ஒரு பாடகர் இறந்துட்டா அன்னிக்கு பூரா எஃப்எம்ல அவர் பாட்டுதான், ஆர்ஜே குரலே தழுதழுக்குது, நேயருங்க போன் போட்டு அழறாங்க, ரெண்டு மூணு நாள் போச்சுன்னா பழையபடி ஆயிடுது. அதுக்கப்புறம் யார் பேரு நிக்குது, யார் பேரு காணாம போகுது, அதத்தான் இப்ப பாக்கப்போறோம்.

நம்ம ஊர்லருந்தே ஆரம்பிப்போம். வாணி ஜெயராம் 1945 நவம்பர் 30 வேலூர்ல பொறந்தவங்க. தேசிய விருது மட்டும் மூணு, 'அபூர்வ ராகங்கள்', 'சங்கராபரணம்', 'சுவாதி கிரணம்'. 2023 ஜனவரில பத்மபூஷண் அறிவிச்சாங்க, அத கையில வாங்கறதுக்குள்ளயே பிப்ரவரி 4 போயிட்டாங்க.

(திரையில: காட்பாடி – பாகாயம் டவுன் பஸ்)

அவங்க பாட்டு ரேடியோல வரலையான்னா, வருது. 'நித்தம் நித்தம் நெல்லு சோறு' இந்த பஸ்ல ஓடினா பாதி பேரு கூடவே முணுமுணுப்பாங்க. மீன் கொழம்புன்னு வர்ற எடத்துல கேளுங்க, நாக்குல எச்சில் ஊறி நிக்கறவ பேசற மாதிரி குரல இழுத்து விடுவாங்க, 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாடின அதே ஆளுதான் இதுன்னு நம்பவே முடியாது. ஆனா ரேடியோல என்ன சொல்றாங்க? "முள்ளும் மலரும், ராஜா சார் மியூசிக்", அவ்ளோதான். பாடினவங்க இதே ஊர்ல பொறந்தவங்கன்னு அந்த பஸ்ல எத்தன பேருக்கு தெரியும்?

காரணம் என்னன்னா, இப்ப பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல வரிசை போட்டு வெச்சு ஓடுது. பாடினவங்க பேரும் அதுல இருக்கும், ஆனா நிகழ்ச்சி கட்டறது பெரும்பாலும் இசையமைப்பாளர், ஹீரோ இந்த ரெண்ட வெச்சுதான். இலங்கை வானொலியிலயும் விவித பாரதியிலயும் படம், பாட்டு எழுதினவர், இசை, பாடினவங்கன்னு எல்லா பேரும் சொல்லிட்டுதான் பாட்ட போடுவாங்க, அப்படி கேட்டு வளந்த நம்ம அப்பா அம்மாவுக்கு குரல கேட்டதும் பேரு வாயில வரும். இப்ப முன்னிசை மேலயே ஆர்ஜே பேசி முடிச்சிடறாங்க, கடைசி சரணத்துக்குள்ள விளம்பரம் வந்துடுது.

இதுல நான் கவனிச்ச முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. சாமி பாட்டு பாடினவங்கள யாரும் மறக்கறதில்ல. டிஎம்எஸ் 2013ல இறந்தாரு, ஆனா ஆடிக்கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலை முருகன் கோயில்ல ஸ்பீக்கர் கட்டினா மொதல்ல அவர் குரல்தான். நாகூர் ஹனிபா 2015ல போயிட்டாரு, ரம்ஜான் மாசத்துல ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் 'இறைவனிடம் கையேந்துங்கள்' கேக்காம இருக்க முடியுமா? இவங்கள வருஷா வருஷம் கூப்பிட ஒரு திருவிழா இருக்கு.

சினிமா பாட்டு மட்டுமே தெரிஞ்சவங்களுக்கு அது இல்ல. ஸ்வர்ணலதா 2010 செப்டம்பர் 12 இறந்தாங்க, வயசு வெறும் 37, 'போறாளே பொன்னுத்தாயி'க்கு தேசிய விருது வாங்கின குரல். டிசம்பர் 12 ரஜினி பொறந்தநாளுக்கு 'ராக்கம்மா கையத்தட்டு' போட்டா தலைவர் பாட்டுன்றாங்க, மிஞ்சினா எஸ்பிபி பேரு வருது, கூட பாடின பொண்ணு பேரு வர்றதே இல்ல, எனக்கு இது ரொம்ப வலிக்குதுங்க. உமா ரமணன் 2024 மே 1ல இறந்தாங்க, 'பூங்கதவே தாழ் திறவாய்', 'ஆனந்த ராகம்', 'ஆகாய வெண்ணிலாவே', இந்த மூணு போதும் அவங்கள தெரிஞ்சிக்க, இதுவும் இளையராஜா ஹிட்ஸ்ன்ற பேர்லதான் வருது.

பேர சொல்ல மிஞ்சிப்போனா அஞ்சு செகண்ட் ஆகும். ஆர்ஜேங்க யாராவது பாத்துட்டு இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க. கேக்கறவங்க, நேயர் விருப்பத்துக்கு போன் போடும்போது படத்த விட்டுட்டு பாடினவங்க பேர சொல்லி கேளுங்க. வர்ற நவம்பர் 30 வேலூர்லருந்து போன் போடறவங்க எல்லாரும் "வாணி ஜெயராம் பாட்டு போடுங்க"ன்னு கேளுங்க, எந்த பாட்டுன்னு கேட்டா 'மேகமே மேகமே' சொல்லுங்க, அது கிடைக்கலன்னா 'யாரது சொல்லாமல்'.